தீர்த்தம் பட்ட கிட்டார்

புது கிட்டார் பெட்டியைத் திறந்தால் வார்னிஷும் தெர்மோகோலும் கலந்த ஒரு வாசனை வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர் சாயங்காலம், காக்ஸ் டவுன் வீட்டு ஹாலில் அந்த வாசனை பரவ, அப்பா மாலை போடாத குறையாக ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தார். கோயில் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட, "என் பொண்ணு வாசிப்பா ஃபாதர்" என்று என்னைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் மனுஷன். எனக்குப் பதினோரு வயது. கிட்டாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆனால் கிறிஸ்மஸுக்குமுன் கேரல் பாட வீடு வீடாகக் கிளம்பும்போது நான் வாசித்தாக வேண்டும்.

கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்து விரல் நோகக் குத்திக்கொண்டிருந்தேன். அப்பா செகண்ட் ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே, "மோதிர விரலை இன்னும் மேல வைடி, கட்டையை நெரிக்காதே" என்றாள். அம்மா கணக்கு டீச்சர். சினிமாப் பாட்டு வந்தாலே ரேடியோவை அணைப்பவள். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, கிட்டாரை வாங்கி ஒரு வரி வாசித்தாள் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குத் தலை பின்னிவிடுகிற கைதானா இது என்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாட்ட மூச்சு விடாதே" என்றாள். கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு சேர்ந்து மேடையில் வாசித்திருக்கிறாள். பெண் பார்க்க வருகிற சமயத்தில் அவளுடைய அப்பா கிட்டாரை உடைத்து, "இது தெரிஞ்சா எவன் கட்டிப்பான்" என்றாராம். என் அப்பாவும் ஒருமுறை ஓட்டல் மேடையில் வாசித்த பெண்ணைப் பார்த்து, "குடும்பப் பொண்ணு செய்யற வேலையா இது" என்று உச்சுக் கொட்டியிருக்கிறார். கோயிலில் வாசிப்பது வேறு, மேடையில் வாசிப்பது வேறு என்பது அவர் கணக்கு. அதன்பிறகு எந்த வாயால் சொல்வது? இத்தனை வருஷம் கழித்து அவர் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்பதுதான் அம்மாவின் பயம்.

சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு எங்கள் வீட்டில் பெயர் "பொட்டி". பொட்டியில் செருகாமல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் எங்கள் பாடமெல்லாம் ஊமைப் பாடம். நான் தப்பு செய்தால் கரண்டிக் காம்பால் முட்டியில் ஒன்று வைப்பாள். "புக்கைப் பாத்தே கத்துக்கிட்டாளே, என் ரத்தமாச்சே" என்று அப்பா பூரிக்கும்போது அம்மா சாம்பாரைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் ஸ்கூட்டரோ கேஸ் அடுப்போ, புதிதாக எது வந்தாலும் ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து "மந்திரித்த" பிறகுதான் முறையாகப் புழக்கத்துக்கு வரும். கேரல் கிளம்பும் நாள், பாடகர் குழு ஹாலில் நெருக்கியடித்து நிற்க, ஃபாதர் கிட்டாருக்கு ஒரு தெளி தெளித்தார். "பொட்டிக்கும் ஃபாதர்" என்றார் அப்பா, ரொம்பப் பணிவாக. பொட்டி ஆனில் இருந்தது. ஃபாதர் தாராள மனசுக்காரர், பின்பக்கத் துளைகளில் நன்றாகவே தெளித்தார். பொட்டியிலிருந்து டப்பென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, கருகல் நாற்றம், வீடே இருட்டு. "கரண்ட் ஹோய்த்து" என்றார் வாசலில் நின்ற கன்னடக்காரர். "இயேசுவே" என்றார் ஃபாதர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

யாரோ மெழுகுவர்த்தி ஏற்றியபோது, பேட்டரியில் ஓடும் எங்கள் டேப் ரெக்கார்டரை அம்மா மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். தையல் டப்பாவின் அடியிலிருந்து பெரிய முனையைச் சின்னத் துளைக்குப் பொருத்தும் துருப்பிடித்த பழைய பின் ஒன்றை எடுத்து, கிட்டார் வயரின் நுனியில் பொருத்தி, மைக் துளையில் செருகி, சிவப்புப் பட்டனை அமுக்கினாள். பதிவு ஓடினால்தான் அதில் மைக் சத்தம் வெளியே வரும். உள்ளே அப்பா உயிராக வைத்திருந்த பக்திப் பாட்டு கேசட் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. அழுகிற என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கிட்டாரை மாட்டிக்கொண்டு, சத்தம் வருகிறதா என்று பார்ப்பவள்போல் ஒரு கம்பியைத் தட்டினாள். பிறகு நிறுத்தவில்லை. ஃபாதர் கையிலிருந்த தீர்த்தச் செம்பு சாய்ந்து அவர் அங்கியே நனைந்தது.

வாசித்து முடித்து கிட்டாரை என் தோளில் மாட்டினாள்.

"இது எப்பலேருந்து?" என்றார் அப்பா.

"கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து."

"என்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியேங்க" என்றாள் அம்மா.

அப்பா ஃபியூஸ் போடப் போய்விட்டார். அன்று கேரலுக்கும் வரவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று அவர் இருந்தவரை அம்மாவுக்குத் தெரியவில்லை. அவளும் கிட்டாரைத் தொடவில்லை.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அப்பார்ட்மென்ட் நிற்கிறது. பொட்டி, டேப் ரெக்கார்டர் எல்லாம் பழைய சாமான்காரனோடு போய்விட்டன. அப்பா தவறிய பிறகு அவர் பீரோவைச் சுத்தம் செய்தபோது, சட்டைகளுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி அந்த கேசட் இருந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் பிறகு அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. இரண்டையும் உடைத்து வைத்திருந்தார் அப்பா.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள்.