அம்மா காலை நீட்டினாள்

விடுதித் தோழிகளே, இன்று நடந்ததை இன்றே எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்தவளுக்கு அனுப்பிவிடுங்கள்.

அம்மாவின் கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கின்றன. காட்டினால் காலையே எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், இத்தனை நாளும் புடவையால் மறைத்துவந்திருக்கிறாள். இன்று, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ்ஸில் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினார். புடைப்பு மறைந்தது.

“போயிடுச்சுங்க! வூட்டுக்குப் போலாங்களா?” என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரித்தபடி, அப்படியே தொடையில் ரப்பர் குழாயைக் கட்டி எழுந்து நிற்கச் சொன்னார். குழாயை அவிழ்த்ததும் மேலிருந்து ரத்தம் இறங்கி, நரம்புகள் மறுபடி புடைத்தன.

“இது சுருள் நரம்புங்கம்மா. ரத்தம் கீழே திரும்பாம தடுக்கிற கதவு உள்ளே கெட்டுப்போச்சு. காலை எடுக்க வேண்டியதில்லை. பாதத்துல ஆரம்பிச்சு மேலே வரைக்கும் பட்டித்துணி சுத்துங்க. தினமும் காலை உயரமா வெச்சுப் படுங்க. குறையலேன்னா ஊசி போடலாம்.”

வீட்டுக்கு வந்ததும், கால் வைக்க ராகி மூட்டையைச் சுவரோரம் நகர்த்தினேன். அந்தப் பக்கம்தான் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா படுக்கவில்லை.

“உங்கப்பாரு எதுருல காலை நீட்டறதா? நல்லாருக்குதே!”

அப்பா எழுந்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் தலைமாட்டில் விரித்து உட்கார்ந்தார்.

“இப்ப நீட்டு” என்றார்.

அம்மா தூங்குகிறாள். அப்பா இன்னும் நகரவில்லை.

பி.ஏ. படித்த எனக்கு மூட்டையை நகர்த்தத்தான் தோன்றியது. உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? உண்மையை எழுதுங்கள்.