எத்தனை வீதம்

நீல அட்டை போட்ட, கட்டம் கட்டமாகக் கோடிட்ட பள்ளிக்கூடக் கொப்பி அது. அதன் முப்பத்தேழாம் பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், ஐந்தாம் வரியில் ‘துணிச்சல்’ என்ற சொல்லுக்கு அடியில் இன்னொரு சொல்லின் தடம் தெரியும். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவன். அழிறப்பர் கரியை எடுத்துவிடும், தடத்தை எடுக்காது. அடியில் இருக்கும் சொல் ‘பிழை’. இரண்டையும் எழுதியவன் நான்தான். அடியில் உள்ளதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குச் சற்று முன்பும், மேலே உள்ளதை அதே நாள் ஆறரைக்கும் எழுதினேன்.

கொப்பி என்னுடையது. அதில் இருப்பது என் தங்கையின் கணவரைப் பற்றியது. அவரை நான் மச்சான் என்பேன். என்னைவிட நான்கு வயது இளையவரானாலும் அவரும் என்னை மச்சான் என்றே கூப்பிடுவார். சுவிற்சர்லாந்தின் ஊஸ்டரில் இரண்டு தெரு தள்ளி வசிக்கிறோம். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பத்தொன்பது வருடம் சமையல்காரராக இருந்தார், நூறு வீத வேலை. இந்த நாட்டில் ஒருவரைப் பற்றி விசாரித்தால், என்ன வேலை என்பதற்கு அடுத்த கேள்வி எத்தனை வீதம் என்பதுதான். கிழமைக்கு ஐந்து நாளும் போனால் நூறு, ஒரு நாளைக் குறைத்தால் எண்பது. எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போதுகூடப் பொடியன் நூறு வீதமோ என்று கேட்பார்கள்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் காசு கட்டிப் போக்கர் என்ற சீட்டாட்டச் சுற்றுப்போட்டி விளையாடுவார். எல்லோரும் ஒரே அளவு பந்தயச் சில்லுகளுடன் தொடங்குவார்கள். சில்லு முடிந்தவர் வெளியே. கடைசிவரை நிற்பவர் வென்றவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, எங்கள் பேச்சில் கடுதாசி, மறைவாகக் கிடைக்கும், நடுவில் ஐந்து கடுதாசி எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். என்னிடம் அவர் முதன்முதலில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“மச்சான், ஊரிலை கடுதாசியிலை முன்னூற்றிநாலு விளையாடேக்கை பிழை விட்டா எதிரிலை இருக்கிற கூட்டாளியே கடுதாசியை எறிஞ்சுபோட்டு ஏசுவான். இதிலை ஏசுறதுக்கு ஒருத்தனும் இல்லை. வெண்டா நான் கெட்டிக்காரனோ, இல்லாட்டி அதிஷ்டக்காரனோ எண்டு எனக்கே தெரியேல்லை. நீங்கள் அளக்கிற ஆள். என்னை ஒருக்கா அளந்து சொல்லுங்கோ.”

நான் உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அளவு அறையில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் பாகங்களை அளப்பார்கள். அவர்கள் அளக்கும் கருவி சரியா என்று நான் பார்ப்பேன். ஒரு கருவியை அதே கருவியால் சோதிக்க முடியாது. அளவு அறையில் எல்லாவற்றையும் பேனாவால்தான் எழுதவேண்டும். பிழையாக எழுதினால் ஒற்றைக்கோடு கிழித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, திகதியும் ஒப்பமும் வைக்கவேண்டும். கீழே இருப்பது எப்போதும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மச்சானின் கொப்பிக்கு நான் பென்சிலை எடுத்தேன். விளையாட்டுத்தானே என்று நினைத்தேன்.

மற்றபடி ஒழுங்காகத்தான் தொடங்கினேன். இரண்டு மாதம் போக்கர் புத்தகங்களை வைத்துப் படித்தேன். அந்தக் கணக்கு அளவு அறைக் கணக்கைவிடக் கடினமானதல்ல. பிறகு ஞாயிறு இரண்டு மணிக்கு அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். மச்சான் முடிவெடுத்த உடனே, எதிராளியின் கடுதாசி திறக்க முன், ‘சரி’ அல்லது ‘பிழை’ என்று எழுதவேண்டும். பிழையான முடிவும் வெல்லலாம், சரியான முடிவும் தோற்கலாம். திறந்த பிறகு எழுதினால் அது விளையாட்டை அளப்பதல்ல, அதிஷ்டத்தை அளப்பது.

தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இரண்டு முதுகையும் பார்ப்பாள். “ஒருத்தர் விளையாடுறார், மற்றவர் றிப்போட் எழுதுறார். இனி முத்திரை குத்துறதுதான் மிச்சம்” என்பாள்.

முதல் குளிர்காலம் முழுதும் எழுதினேன். மாசி மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். நூறு முடிவில் ஐம்பத்தெட்டு சரி. அப்படி விளையாடுபவர் நடுத்தரம், சில நாள் நன்றாக வருவார், நீண்ட காலத்தில் தேயத்தான் செய்வார். அதை அப்படியே சொன்னேன். மச்சான் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஐம்பத்தெட்டெண்டா பாஸ் தானே மச்சான்! பள்ளிக்கூடத்திலை நான் உவ்வளவு எடுக்கேல்லை.”

அந்தச் சிரிப்பில் ஒளிவுமறைவு இல்லை. உண்மையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடிய மனிதராக அவர் அப்போது இருந்தார். நான் நினைவுகூர்வது அவரைத்தான். மச்சான் இப்போதும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், ஆனால் அப்படிச் சிரித்த அந்த மனிதரை நான் பார்த்துக் கனநாள்.

முப்பத்தேழாம் பக்கத்து ஞாயிறு காத்திகை மாதத்தில் வந்தது. ஏரியிலிருந்து எழுந்த பனிப்புகார் யன்னலோடு ஒட்டி நின்றது, எதிர்க் கட்டடமே தெரியவில்லை. எதிராளி ஒருவர் தன் சில்லு முழுவதையும் நடுவில் வைத்தார். மச்சானின் கையில் ஒரு ஆஸும் ஒரு நாலும். நிறையச் சில்லு இருந்தது, அவசரம் எதுவும் இல்லை, ஒதுங்கியிருக்கலாம். அவர் தன்னுடையதையும் முழுவதாக வைத்தார். நான் ‘பிழை’ என்று எழுதினேன். எதிராளி திறந்தபோது இரண்டு ராசா. நடுவில் நான்கு கடுதாசி வந்தும் மச்சானுக்கு ஒன்றும் உதவவில்லை. ஐந்தாவதாக ஆஸ் வந்தது, ஆஸ் சோடி ராசா சோடியை வென்றது. மச்சான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக் கிழவி தடியால் முகட்டைத் தட்டினாள்.

ஆறரை மணிக்கு, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் மூன்றாவதாக வந்து முடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கொப்பியை எட்டிப் பார்த்தார்.

“இதை ஏன் பிழை எண்டு போட்டிருக்கிறியள்? அது இல்லாட்டி இது இல்லையே. துணிச்சல் எண்டு போடுங்கோ மச்சான்.”

எனக்கும் சந்தோசமாக இருந்தது. அந்த மேசையில் ஒரு சொல்லுக்காக முகம் முறிக்க மனம் வரவில்லை. அழிறப்பரை எடுத்தேன்.

அதன் பிறகு விதியை மாற்றுவது பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை, அது தானாக மாறியது. கடுதாசி திறக்கும்வரை என் பென்சில் காத்திருக்கப் பழகியது. வென்றால் துணிச்சல். தோற்றால் ‘சரி, அதிஷ்டம் இல்லை’. தை மாதத்தில் எழுபத்தொன்று. வைகாசியில் எழுபத்தெட்டு. தை மாதத்திலேயே மச்சான் விளையாட்டுக்கென்று வேலையை எண்பது வீதமாகக் குறைத்தார். ஆடியில் கொப்பி எண்பத்துநான்கு காட்டியது, வேலை அறுபதாயிற்று. என் நாட்குறிப்பில் இரண்டு எண்களும் அந்தந்தத் திகதிக்கு நேரே ஒழுங்காக இருக்கின்றன. ஒன்று ஏற மற்றது இறங்கியதை எழுதிய நான்தான் வாசிக்கவில்லை.

தங்கை வாசித்திருக்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவரிடம் கேட்டாள்: “கிச்சினிலை உப்புக் கூடினா அந்தச் சனம் தட்டைத் திருப்பி அனுப்பும். உதிலை கூடினதோ குறைஞ்சதோ எண்டு உங்களுக்கு ஆர் சொல்லுறது?”

“மச்சான்ரை கொப்பி சொல்லுதே” என்றார் அவர்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இந்த ஆவணியில் தங்கை வேலையிடத்திலிருந்து எனக்கு ரெலிபோன் அடித்தாள். குரல் மெதுவாக இருந்தது. “அண்ணை, வேலையை விடக் கடிதம் எழுதி வைச்சிருக்கிறார். கடிதத்துக்கு மேலை உங்கட கொப்பி. ஐம்பது வயதிலை விட்டா இனி ஆர் எடுப்பாங்கள்? நான் கேட்டா, உன்ர அண்ணன் பொய் எழுதுவாரோ எண்டு கேக்கிறார்.”

அன்று பின்னேரமே போனேன். கொப்பியை எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தை யன்னலில் பிடித்து, அடியில் இருக்கும் சொல்லை விரலால் காட்டினேன். அதற்குப் பின்னால் உள்ள பக்கம் ஒவ்வொன்றும் கடுதாசி திறந்த பிறகு எழுதியது, ஒன்றும் நம்பத்தக்கதல்ல, நீர் இன்னும் ஐம்பத்தெட்டுத்தான் என்றேன். தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள். மச்சான் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார்.

“சும்மா பயப்பிடுறியள் மச்சான். ஒரு நாள் மாத்தி எழுதினதுக்கு மிச்ச நாளெல்லாம் பொய்யாகுமோ? நீங்கள் பிழை விடாத ஆள் எண்டு ஊருக்கே தெரியும்.” பிறகு கொப்பியை என் கையில் தந்தார். “எனக்குத் துணிச்சல் எண்டுதான் வாசிக்குது.”

கடிதம் அடுத்த நாள் போய்விட்டது. மூன்று மாத அறிவித்தல் காலம் போன வெள்ளிக்கிழமை முடிந்தது.

இன்று ஞாயிறு. மறுபடி புகார் வந்து யன்னலை மூடியிருக்கிறது. காலையில் முப்பத்தேழாம் பக்கத்தை எடுத்தேன். ‘துணிச்சல்’ என்பதைப் பேனாவால் ஒற்றைக்கோட்டில் கிழித்து, பக்கத்தில் ‘பிழை’ என்று எழுதி, திகதியிட்டு ஒப்பம் வைத்தேன். ஒரு வருடம் பிந்தியது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் என் வீட்டு வாசல்மணி அடித்தது. வாசலில் மச்சான், முகத்தைப் புதிதாகச் சவரம் செய்து, கையில் கடையின் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத, நீல அட்டை போட்ட ஒரு கொப்பியுடன் நின்றார்.

“நாளையிலையிருந்து ஒவ்வொரு நாளும், மச்சான். இனி நான் இதுக்கு நூறு வீதம்.”