துரைக்கு ஒரு முழம்

யசோதா பூ அளக்கும்போது கவனித்தால் தெரியும். வாங்க வந்தவர்களுக்கு முழம் போடுகையில் அவள் நடுவிரல் மெல்ல மடங்கிக்கொள்ளும். கடை கட்டும் நேரத்தில், மிச்சமிருக்கும் செவந்தியில் கடைசி முழம் போடும்போது மட்டும் ஐந்து விரலும் விறைப்பாக நீளும். அது துரைக்கு.

துரை, பெங்களூரு ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில், அவள் கடையின் பின்சுவரை ஒட்டிப் படுத்திருப்பவர். இறந்தது 1871. பெயர் பாதி உதிர்ந்துவிட்டது. கல்லில் செதுக்கிய டிரம்பெட் மட்டும் முழுசாக இருக்கிறது. இருபது வருடத்தில் அவளைத் தவிர யாரும் அவருக்குப் பூ வைத்ததில்லை.

அதுதான் வினையாயிற்று. புதிதாக அடக்கம் செய்ய இடமில்லையாம். சொந்தபந்தம் தேடி வராத பழைய கல்லறைகளை இடித்துவிட்டு அங்கேயே குழி வெட்டப்போவதாகத் தோட்டத்துக் கேட்டில் ஆங்கில நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல அன்றுதான் கடைசி நாள். மகள் வீணா படித்துச் சொன்னதும், பூக்கூடையை அவள் மடியில் வைத்துவிட்டு யசோதா கல்லறை ஆபீஸுக்குள் நுழைந்தாள்.

“சார், நம்ம துரை மேல கை வைக்கக் கூடாது.”

ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்த கிளார்க் ஓஸ்வால்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அவரு உனக்கு இன்னாம்மா முறை வேணும்?”

“பங்காளி சார்.”

“வெள்ளைக்காரனா?”

“எங்க மாமனாரு கல்யாண பேண்டுல டிரம்பெட் ஊதுனவரு. இவரும் ஊதுனவரு. ஒரே தொழிலு, பங்காளி இல்லாம பின்னே?”

“அப்போ பெங்களூருல ஊதுறவன் எல்லாம் உனக்குச் சொந்தமா?”

“எல்லாருக்கும் நான் தினம் பூ வைக்கிறேனா? நீங்க உங்க வீட்டம்மாவுக்கு என்னிக்காவது ஒரு மொழம் வாங்கியிருக்கீங்களா சார்? கேட்டாண்டதான ஒக்காந்திருக்கேன். பாத்துக்கினுதான் இருக்கேன்.”

ஓஸ்வால்டுக்குப் புரையேறியது. உறவு என்ற கட்டத்தில் ‘பங்காளி’ என்றே எழுதி ரிஜிஸ்டரைத் திருப்பினார். யசோதா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தவள் முகத்தில் ஹைகோர்ட்டில் கேஸ் ஜெயித்த களை.

துரை தப்பித்தார்.

அடுத்த வாரம் அம்மாவின் ஆட்சேபத்துக்கு நகல் வாங்கப் போன வீணாதான் ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தாள். ஆட்சேபத்தை யார் கொடுத்தாலும் செல்லுமாம், உறவே வேண்டியதில்லை. நோட்டீஸ் ஒட்டிய முதல் நாளே அதே கல்லறைக்கு ஓஸ்வால்ட் தன் பெயரில் ஓர் ஆட்சேபம் எழுதி வைத்திருந்தார். காரணம்: ‘மதியம் நான் உட்கார்ந்து சாப்பிடும் இடம்.’