பேப்பரில் பழகிய நாய்

மலாயாவில் பதினெட்டு வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய என் குஞ்சியப்பு, ஐயாவின் ஒரே தம்பி, எல்லோருக்கும் துணி கொண்டுவந்தார். எனக்கு மட்டும் ஒரு நாய்க்குட்டி. கொழும்பில் கப்பலால் இறங்கியதும், சீமைக்குத் திரும்பும் துரை ஒருவரிடம் வாங்கினாராம். பெயர் மேஜர். எங்கள் பக்கத்து நாய்கள் முற்றத்திலே பிறந்து முற்றத்திலே சீவித்தவை. வீட்டுக்குள் நாய் என்பதை யார் கேள்விப்பட்டார்கள்! மேஜரோ வந்த அன்றே சாணி மெழுகிய விறாந்தையின் நடுவில் குந்தித் தன் வேலையை முடித்தது. அம்மா அன்றைக்கு மூன்று தரம் மெழுகினார்.

நாயில் பிழையில்லை, பழக்காத ஆட்களில்தான் பிழை என்றார் குஞ்சியப்பு. துரைமார் வீடுகளில் மூலையில் பேப்பர் விரித்து வைப்பார்களாம். நாய் நிலத்தை மோந்து சுழலத் தொடங்கியதும் தூக்கிப் பேப்பரில் விடவேண்டும். காரியம் முடிந்தால் ஒரு துண்டு ரொட்டி. பிறகு பேப்பரை நாளுக்கு ஒரு சாணாக நகர்த்தி முற்றத்தில் கொண்டுபோய் விட்டால் சரி.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. தவறிப் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது. எழுத்தென்றால் சரஸ்வதி.

"இது இங்கிலீசுப் பேப்பர், மச்சாள். வெள்ளைக்காரன்ரை எழுத்துக்குச் சரஸ்வதி பொறுப்பில்லை," என்றார் குஞ்சியப்பு.

அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ரொட்டி கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. எட்டு வயதில் எனக்கிருந்த பெருமையைக் கேட்கவேண்டாம். பத்து நாளில் மேஜர் தானாகவே பேப்பரைத் தேடிப் போனது. அதை முற்றத்துக்கு நகர்த்துகிற நேரம் பார்த்து மாரி தொடங்கியது. நனைந்த பேப்பரை நாய் திரும்பியும் பார்க்கவில்லை; மழை விடட்டும் என்று விறாந்தையிலேயே விட்டோம். ஆகவே மேஜர் படித்தது பாதிப் பாடம்தான். பேப்பர் எங்கே கிடந்தாலும் அது தனக்காக விரித்தது என்றே நினைத்தது.

மாரி முடியும்போது அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மலாயாவில் றெயில்வே கிளாக்கர்; நாற்பது வயது, முதல் மனைவி செத்து ஒரு வருடம். அக்காவுக்குப் பத்தொன்பது. சாதகம் பொருந்திவிட்டது, மாப்பிள்ளையின் தமையனார் வந்து வாக்குக் கொடுத்தால் அடுத்த கப்பலில் அக்கா போகவேண்டியதுதான். வீடு முழுக்கப் பலகார வாசம், எனக்குப் புதுச் சட்டை. அக்கா மட்டும் மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வெட்கம் என்றார் அம்மா. வெட்கம் வந்தால் பசிக்காது என்று நானும் நம்பினேன்.

அன்று மேஜரைக் கிணற்றடித் தென்னையோடு கட்டச் சொன்னார்கள். இறுக்கித்தான் கட்டினேன்.

தமையனார் பாயில் சம்மணம் கட்டி இருந்து, தம்பியின் உத்தியோகக் கடிதத்தை விரித்தார். துரையின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம். பறக்காமல் அதன் ஓரத்தில் வெற்றிலைத் தட்டத்தை வைத்தார். வாசித்துச் சொல்வதற்காகக் குஞ்சியப்பு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். அப்போது மேஜர் உள்ளே வந்தது. கழுத்தில் கயிறில்லை. ஒரு சுழல் சுழன்று, கடிதத்தின் மேல் நின்று காரியத்தை முடித்தது. பிறகு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. பழக்கதோஷத்தில் என் கையும் ரொட்டியைத் தேடியது.

"சகுனம் சரியில்லை," என்று தமையனார் எழுந்தார். வெற்றிலையைக்கூடத் தொடாமல் படலையைத் தாண்டிப் போய்விட்டார்.

அம்மா பூவரசந்தடி முறித்தார். நான் கட்டினேன், கட்டினேன் என்று கத்தினேன். கட்டினால் எப்படி அவிழ்ந்தது என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு கேள்வி. நாலாவது அடியில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பின்னேரம் அக்கா என் காலில் தேங்காயெண்ணெய் பூசினாள். அன்று மத்தியானம் அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டிருந்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

"நீ வடிவாத்தான் கட்டினனி," என்றாள். "என்னோடை கோவிக்காதை."

அடித்தவர் அம்மா, ஓடிவந்தது நாய். இதில் அக்காவோடு நான் ஏன் கோபிக்கவேண்டும்? சம்பந்தம் போன கவலையில் ஏதோ பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பெரிய மனுசி மாதிரி அவளைத் தேற்றினேன்.

"அழாதை அக்கா. வேறை கடிதத்தோடை திரும்பி வருவினம். அப்ப நான் மேஜரை விடாமல் பிடிச்சுக்கொண்டிருப்பன்."

அதற்குப் பிறகுதான் அவள் உண்மையாகவே அழத் தொடங்கினாள். ஆறுதல் சொன்னால் அழுகை கூடுமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.