திங்கட்கிழமை இருமல்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் தவசிமுத்துவுக்குத் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. ராஜபாளையத்து நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். சன்னல் வழியே பார்த்த என் சித்தி மகள் இசக்கியம்மாள், "ஏட்டி, ஒனக்கு ஒரு கெழவனைப் பிடிச்சிட்டு வந்திருக்காவ" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கிணற்றடிக்குப் போய்த் தலையை உதறினார். பஞ்சு பறந்தது; உள்ளேயிருந்து இருபத்தேழு வயசு வெளியே வந்தது.

அந்தப் பஞ்சில் எங்கள் வீட்டில் இரண்டு தலையணை தைத்தோம் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னேன். "மெத்தையை விட்டுட்டியே" என்பார்.

என் பொய் எதையும் அவர் நம்பியதில்லை. ஆனால் ஆசையாகக் கேட்பார். மில் இரைச்சலில் காது பாதி போய்விட்டதால் என் உதட்டையே பார்த்திருப்பார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும். வத்திராயிருப்பு மாந்தோப்பில் ஒரு யானை எனக்கு மாங்காய் பறித்துக் கொடுத்தது என்பேன். "உப்பு, மொளகாப்பொடி யாரு குடுத்தா?" என்பார். பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் யானைக் கதை சொல்கிறேன். இனி எழுதப்போவதை அவர்களுக்குச் சொன்னதில்லை.

அவருக்கு வேலை புளோ ரூமில். பஞ்சுப் பொதியை உடைத்து இயந்திரத்தில் போடும் இடம். எதிரே நிற்கும் ஆள் தெரியாத தூசி. வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு கருப்பட்டி தின்பார். தொண்டையில் நிற்கும் பஞ்சை அது இறக்கிவிடும் என்பது மில்காரர்கள் நம்பிக்கை.

எண்பத்தாறில் இருமல் தொடங்கியது. ஞாயிறு வார லீவு. திங்கட்கிழமை சாயங்காலம் நெஞ்சில் அம்மியை ஏற்றி வைத்ததுபோல் மூச்சு முட்டும். செவ்வாய் குறையும். சனிக்கிழமை ஆள் பழையபடி இருப்பார். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் அல்லவா? இருமல் வந்த நாளுக்கெல்லாம் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். மூன்று மாதத்தில் ஒரு திங்கள் தப்பவில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் லீவு. திரும்பப் போன அன்று இரட்டைக் கோடு.

"ஒங்களுக்கு ஓய்வுதான் ஒத்துக்கிடல" என்றேன்.

"அது எப்படிட்டி?"

"வேல செஞ்சா ஒடம்புச் சூட்டுல சளி எளகிருது. சும்மா இருந்தா இறுகிருது. என் வாயி பொய் சொல்லும், கோடு சொல்லுமா?"

அவர் சிரிக்கவில்லை. கோடுகளையே பார்த்தார். "படிச்சவ படிச்சவதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு முதல், லீவு நாளிலும் செட்டியார்பட்டியில் ஒரு கழிவுப் பஞ்சு குடோனுக்கு வேலைக்குப் போனார். திங்கள் இருமல் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போவதையும் நிறுத்தினேன். மகள் பரிபூரணத்துக்கு அப்போது எட்டு வயது. "ஒரு நாள்தானம்மா" என்று அழுதாள். "ஒரு நாள் லீவு போட்டாலும் அப்பாவுக்கு இருமல் வரும்" என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை.

ஐந்து வருடத்தில் அவரால் பஸ் படி ஏற முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் போனோம். என் சாமர்த்தியத்தைக் காட்ட காலண்டர் தாள்களைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். ஞாயிறு குடோன் வேலையையும் சொன்னேன். டாக்டர் தாள்களை நெடுநேரம் பார்த்தார்.

"லீவு முடிஞ்சு பஞ்சுக்குள்ள திரும்பப் போற அன்னைக்குத்தானேம்மா வருது? ஓய்வு இல்ல, பஞ்சுத் தூசி. ஒரு நாள் நல்ல காத்தக் கண்டுட்டு, மறுநாள் தூசி பட்டதும் நெஞ்சு கத்தியிருக்கு. அந்த ஒரு நாளையும் நீங்க புடுங்கிட்டீங்க." தாள்களைத் திருப்பித் தந்தார். "இதோட அப்பவே வந்திருக்கலாமே."

திரும்பும் பஸ்ஸில் அவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். என் உதட்டைப் பார்த்தார். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

"இது யானையவிடப் பெரிய பொய்யால்ல இருக்கு" என்றார்.

வேலை நின்றது. இரண்டு வருடம் வீட்டில் இருந்தார். மூச்சு குறையக் குறைய, சும்மா இருப்பதுதான் தம்மைக் கொல்கிறது என்றே நினைத்தார். "ஒரே ஒரு ஷிப்ட் போயிட்டு வந்தா சரியாயிரும்ட்டி. நீதான கோடு போட்டுக் காமிச்ச?" பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவரை வேலைக்கு விடாமலிருக்க நான் கட்டிய கதை என்று எண்ணிவிட்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன அத்தனையிலும் அவர் நம்பியது அந்தக் கோடுகளை மட்டும்தான்.

தொண்ணூற்று மூன்று ஆனி மாதம். காலையில் மில் சங்கு ஊதியது. காக்கிச் சட்டை கேட்டார். மறுக்கத் தெம்பில்லாமல் போட்டுவிட்டேன். தூக்குச்சட்டி கேட்டார், சோறு வைத்துக் கொடுத்தேன். சுவரைப் பிடித்து வாசல்வரை வந்து படியில் உட்கார்ந்தார். "செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றார். நான் அவர் செருப்பை எடுத்து வந்தபோது தலை சாய்ந்திருந்தது.

குளிப்பாட்டும் முன் இசக்கியம்மாள் அவர் முடியைக் கோதிவிட்டாள். ஒரு நரை இல்லை.

மறுமாதம் ஆடிப்பூரம். "தேர் பாக்கப் போவமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"போலாம்மா" என்றாள் பரிபூரணம். "இனிதான் யாருக்கும் இருமல் வராதுல்ல."

நாங்கள் போகவில்லை.