மதாம் தனிஸ்லாஸுக்கு ஒரு பதிவுத் தபால்

தபால் பட்டுவாடா வேலையில், கொண்டுபோய்ச் சேர்த்த கடிதத்தை ஊர் அன்றைக்கே மறந்துவிடும். திரும்பிப் போனதை மட்டும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். கடிதம் வருமா என்று வாசலைப் பார்த்தே கழுத்து வலித்தவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். நெல்லித்தோப்பில் நான் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கு மாறிவிட்டேன். மக்கள் முகவரி எழுதும் லட்சணம் மட்டும் மாறவில்லை.

மாவு மில் எதிரில்

ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் வீட்டுக்கு வரும் தபாலில் எல்லாம் "மாவு மில் எதிரில்" என்று மட்டும்தான் இருக்கும். அந்த மில்லை இடித்துப் பல் ஆஸ்பத்திரி கட்டி வருஷக்கணக்காகிறது. எனக்குத் தெரியும், கொடுத்துவிடுவேன். நான் லீவு போட்ட அன்று வரும் மாற்றாளுக்கு எப்படித் தெரியும்? கடிதம் வந்த வழியே போய்விடும். கதவு எண், தெரு, பின்கோடு, போன் நம்பர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள் என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதெல்லாம் புதுசா குடி வந்தவனுக்கும்மா. நான் இங்கியே பொறந்தவன், எனக்கு எதுக்கு நம்பரு?"

கல்யாணத்துக்கு முன்பே மதாம்

லீவு முடிந்து ஒரு சனிக்கிழமை வேலைக்கு வந்தேன். திருப்பி அனுப்ப வேண்டிய தபால் கட்டுக்குள் பிரான்சிலிருந்து வந்த பதிவுத் தபால் ஒன்று கிடந்தது. கதவு எண் முதல் பின்கோடு வரை எல்லாம் கச்சிதம். பெயர் மட்டும் "மதாம் தனிஸ்லாஸ்", அதாவது திருமதி தனிஸ்லாஸ். அது எலக்ட்ரீஷியன் அந்தோணி அண்ணன் வீடு. "அப்படி யாரும் இந்த வீட்டுல இல்ல" என்று மாற்றாளிடம் சொல்லி அவரே கதவைச் சாத்தியிருக்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மகள் பிலோமினாவுக்கும், பாரிஸில் சமையல்காரராக இருக்கும் ரெனே தனிஸ்லாஸுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அந்த ஊர் வழக்கப்படி தன் குடும்பப் பெயரை இப்போதே அவளுக்குச் சூட்டிவிட்டார்! தட்டாஞ்சாவடியில் வேலையில் இருந்த பிலோமினாவுக்குப் போன் செய்தேன். அழுதுவிட்டாள். உறைக்குள் இருந்தது, ரெனேவுக்குக் கல்யாணத் தடை ஏதுமில்லை என்று பாரிஸ் கோயில் கொடுத்த சான்று. அது இல்லாமல் சாமியார் நாளைப் பூசையில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க மாட்டார். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். நாளை தவறினால் மூன்றாவது ஓலைக்குள் தவக்காலம் வந்துவிடும், அதில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரை இருக்க மாப்பிள்ளைக்கு லீவும் கிடையாது.

பதிவுத் தபாலை அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்; பிலோமினாவின் ஆதாரில் அந்தப் பெயர் இல்லை. ஓடிப்போய் போஸ்ட் மாஸ்டரிடம் நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பேருல ஒருத்தர் ஐடியோட அந்த வீட்டுல இருந்தா குடும்மா. இல்லன்னா சாயங்காலம் கட்டு போயிடும்."

வாசல் மிதிக்காத சம்பந்தி

அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார்: ரெனேவின் அம்மா. பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் மதாம் தனிஸ்லாஸ் என்றே இருக்கும். கல்யாணத்துக்காக வந்து குருசுக்குப்பத்தில் தங்கியிருந்தார். சிக்கல் என்னவென்றால், விருந்துக்கு இந்த அம்மா கேட்ட பிரியாணியா, அண்ணன் கேட்ட சோறு குழம்பா என்று சம்பந்திகளுக்குள் பெரிய சண்டை. தாலி ஏறும் வரை அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று இந்த அம்மா சபதம் போட்டிருந்தார். அந்தக் கோபத்தில்தான் அண்ணனும் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தியிருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் குருசுக்குப்பத்துக்கு வண்டியை விரட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஆளு வந்து கூப்புடட்டும்" என்றார் அம்மா, அசையாமல். எனக்கு வந்ததே கோபம். "உங்க புள்ள எழுதின அட்ரஸ்ல தப்பே இல்ல மதாம். அந்த வீட்டுல நீங்க இல்லாததுதான் தப்பு" என்று கத்தியே விட்டேன்.  அம்மா எழுந்து கைப்பையைத் தேடினார்.

"வண்டிய எடு, செருப்பு மாட்டிக்கினு வர்றேன். ஆனா அந்த ஆளு மூஞ்சிய பாக்க மாட்டேன்."

கையெழுத்து இங்கே

அம்மாவை அந்தோணி அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தேன். ஆபீசுக்குப் போய்த் தபாலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குள் பிலோமினாவும் வந்திருந்தாள். வாசலில் நின்று, முன்பின் தெரியாதவள் மாதிரி குரல் கொடுத்தேன்: "மதாம் தனிஸ்லாஸ் இருக்காங்களா?"

"இருக்காங்க, உள்ள வாங்க" என்றார் அந்தோணி அண்ணன். கதவையும் அகலத் திறந்துவிட்டார். அம்மா பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு, உறையை மருமகள் கையில் கொடுத்தார். அவள் கோயிலுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் பூசையில் ஓலை வாசிக்கும்போது நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். ரெனே, பிலோமினா என்று இரண்டு பெயரும் மைக்கில் கேட்டதும், கோப்பையை ஜெயித்தவள் மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் அண்ணன் பிரியாணிக்கே சம்மதித்தார். அம்மா விடுவதாயில்லை.

"ரெண்டும் போடுங்க சம்பந்தி. தபால்காரம்மாவுக்கு எது புடிக்குமோ, அத அவங்களுக்கு மொதல்ல வைங்க."

ஆகவே நண்பர்களே, கதவு எண்ணையும் பின்கோடையும் தவறாமல் எழுதுங்கள்; அதோடு கடிதம் போய்ச் சேரும்வரையாவது சம்பந்தியோடு சண்டை போடாமல் இருங்கள்.