வெடிக்கு முன் வந்த அலாரம்

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஆபீஸில் டெலிபோன் ரூம் என் பொறுப்பு. ஏதாவது லைனில் கோளாறு என்றால் எக்ஸ்சேஞ்ச் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் கத்தும். பட்டனை அமுக்கி அதை அடக்கிவிட்டு, எந்த லைன், என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுதி, மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.

மதியம் சுரங்கத்தில் வெடி வைத்தால் தரை அதிரும். உடனே கிழக்கு கேட் லைனுக்கு அலாரம் வரும், சற்று நேரத்தில் தானே சரியாகிவிடும். அதனால் மெக்கானிக்கிடம் சொல்வதையே விட்டுவிட்டேன். பதிவேட்டில் ‘வெடி’ என்று ஒரே சொல். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல்.

அன்றும் அலாரம் கத்தியதும், யோசிக்காமல் பழக்கத்தில் அப்படித்தான் அமுக்கினேன், எழுதினேன். பேனாவை மூடும்போதுதான் மேஜைமேல் இருந்த டீ கண்ணில் பட்டது. அது ஆடவே இல்லை. இன்னும் வெடியே வைக்கவில்லை!

கிழக்கு கேட் வழியாக யாராவது உள்ளே வந்துவிட்டால் காவலாளி வெடி அதிகாரிக்குப் போன் செய்வார். போன் வராவிட்டால் பாதை காலி என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வெடி வைக்கும் இடத்தில் செல்போனுக்கு அனுமதி இல்லை. கேட் எண்ணை அழுத்திப் பார்த்தேன். மணியே போகவில்லை.

அதற்குள் வெடி அதிகாரி குழியில் இருக்கும் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டார்.

“மழ இருட்டிக்கிட்டு வருது. சைரனப் போடும்மா.”

சைரன் சுவிட்ச் என் மேஜையில்தான். அது ஊதினால்தான் வெடி.

“போட மாட்டேன் சார். கேட்டு போன் செத்துக் கெடக்கு.”

“தெனமும் வர்ற அலாரம்தானே? நீதானம்மா வெடி, வெடின்னு எழுதி வைக்கிற?”

“இன்னைக்குத் தப்பா எழுதிட்டேன் சார். வெடிக்கு முன்னாடியே வந்துருச்சு. ஆள அனுப்பிப் பாருங்க.”

வேலை போய்விடும் என்று கத்தினார். ஆனாலும் ஜீப்பை அனுப்பினார். வேறு யாரும் தொட்டுவிடக் கூடாதென்று சுவிட்சைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி கூப்பிட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“தொலஞ்சுபோன ஆட்டத் தேடிக்கிட்டு ஒரு பொம்பள குழி ஓரம் வரைக்கும் வந்துருச்சு. காவலாளி போன் அடிச்சுப் பாத்துட்டு, பின்னாடியே ஓடி வந்துருக்கான். ரெண்டு பேரையும் வெளிய கொண்டாந்துட்டோம். இப்பப் போடு.”

போட்டேன். டீ ஆடியது.

சாயங்காலம் மெக்கானிக் வந்து லைனைச் சரிசெய்தார். நான் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் ‘வெடி’. அவற்றில் எத்தனை வெடிக்கு முன்பே வந்தவை என்று எனக்குத் தெரியவில்லை.